பின்கண்ணாடிக்குப் பதில் தகரம்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மேகம். பத்து மணிக்கும் ஏரி தெரியவில்லை. பிக்கப்பின் மேல் கிடந்த தார்ப்பாயை எடுத்தேன். சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட வண்டி. மூன்று வருடமாகச் சும்மா நிற்கிறது. எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. பாடிதான் போச்சு. கை வைத்த இடமெல்லாம் துரு உதிர்கிறது. பார்த்துவிட்டு அப்படியே மட்கார்டில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் சொன்னதே மனதில். கமலத்தின் இருதயத்துக்கு மலை ஆகாது, மார்கழிக் குளிருக்கு முன் கீழே இறக்கிவிடு. வத்தலக்குண்டில் அவள் அக்கா வீடு. பஸ்ஸில் ஒருமுறை முயன்றோம். அவளால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை, பெருமாள்மலையிலேயே இறங்கித் திரும்பினோம். படுக்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். கட்டின பெண்டாட்டியைக் கொண்டுபோக இந்தத் துருப்பிடித்த சனியன்தான் எனக்கு மிச்சம்.

நவம்பர் 5, புதன்

தூறல். மரவேலைக்குச் சவரிமுத்து வந்தான். வண்டியைச் சுத்தியலால் தட்டினான். மூன்று இடத்தில் சுத்தியல் உள்ளே போனது.

செய்ய வேண்டியது:
– பின்தொட்டி முழுக்க வெட்டி எறிய.
– அந்த இடத்தில் கூரையோடு ஒரு கூடு. உள்ளே க. கட்டில்.
– தகடா, பலகையா? தகடு குளிரும். பலகை.
– டிரைவர் முதுகுப்பக்கக் கண்ணாடி உடைசல். ?

மதுரையிலிருந்து கண்ணாடி வரப் பத்து நாள். தகரம் என்றால் நாளைக்கே.

நவம்பர் 8, சனி

மழை. கமலம் ஜன்னல் வழியாக வேலையைப் பார்த்தாள். முதுகுக்கு மூன்று தலையணை. சாய்ந்தால்தான் மூச்சு.

"அந்த எடத்துல தகரமா அடிக்கிறீங்க? கண்ணாடியே போடுங்களேன். உங்க பெடரியாவது தெரியும்."

"இருபது வருசமாப் பாத்தது பத்தாதா?" என்றேன். சிரித்தாள். இருமல் வந்துவிட்டது.

பத்து நாள் காத்திருக்கப் பயம். காற்றும் புகக்கூடாது. தகரம் அடித்து ஓரமெல்லாம் தார் பூசியாயிற்று. அதன் பின்னால் கூட்டின் பலகையும் வந்துவிடும்.

நவம்பர் 11, செவ்வாய்

மேகம். தைலமரப் பலகை, இன்னும் பச்சை. இந்த ஊரில் எதுதான் காய்கிறது? வேட்டி நாலு நாளாகக் கொடியில். ஆனால் இடுக்கில்லாமல் பொருந்தியது. பள்ளங்கி வரை ஓட்டிப் பார்த்தேன். ஒரு சத்தம் இல்லை.

ச.மு.: "இங்கன சத்தம் வராதுண்ணே. கீழ எறங்க எறங்க வெயில் படும்ல, பலகை சுருங்கி டொக்கு டொக்குன்னு அடிச்சுக்கெடக்கும். அதுக்குப் பயந்து வண்டிய நிப்பாட்டாதீங்க. வெரசா போயிருங்க."

பச்சைப் பெயிண்ட் ஒரு கை. க. கேட்ட நிறம். அவளுக்குக் கால் வீக்கம் கூடிவிட்டது. மனுஷி மூச்சுக்குத் தவிக்கிறாள், நான் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கே என்மேல் வெறுப்பு.

நவம்பர் 13, வியாழன்

நாளை வெள்ளனே கிளம்ப வேண்டும். தலையணை, கம்பளி 2, பிளாஸ்க், பித்தளைச் சொம்பு, மாத்திரை. பக்கத்து வீட்டம்மா துணைக்கு வருகிறேன் என்றார். மலைவளைவில் அவருக்கே வாந்தி. க. வேண்டாம் என்றுவிட்டாள்.

"படுத்துட்டுத்தான வரப் போறேன்."

"ஏதும்னா சத்தம் போட்டுக் கூப்புடு" என்றேன். சரி என்றாள்.

நவம்பர் 17, திங்கள். வத்தலக்குண்டு

வெயில். இன்றுதான் பேனா பிடிக்கக் கை வந்தது.

வெள்ளியன்று பாதி மலைக்குக் கீழே வெயில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் டொக், டொக். சவரிமுத்து சொன்னபடியே சுருங்குகிறது என்று நினைத்தேன். கெட்டிக்காரப் பயல் என்றுகூட நினைத்தேன். மூன்று நாலு வளைவுக்கு விட்டுவிட்டுக் கேட்டது. அவள் கூப்பிடுகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் ஓட்டினேன். கூப்பிடவில்லை. பிறகு தட்டலும் நின்றது. பலகை படிந்துவிட்டதென்று ஒரு பீடி பற்றவைத்தேன்.

அக்கா வீட்டு வாசலில் கூட்டுக் கதவைத் திறந்தேன். கமலம் கட்டிலில் இல்லை. முன்பக்கப் பலகையில் சாய்ந்து கீழே உட்கார்ந்திருந்தாள். கையில் சொம்பு. உடம்பு சில்லிட்டிருந்தது.

அன்று மாலையே சுடுகாட்டில் எல்லாம் முடிந்தது. கூப்பிட அவளுக்கு மூச்சு எங்கே இருந்தது? அதுகூடத் தெரியாமல் என்ன புருஷன் நான்.

நவம்பர் 18, செவ்வாய்

நல்ல வெயில். காலி வண்டியோடு மலை ஏறினேன். வீட்டு வாசலில் சவரிமுத்து நின்றான். தலையைக் குனிந்தபடி கூட்டை ஒரு சுற்றுச் சுற்றினான். எதையாவது பேச வேண்டுமே அவனுக்கும்.

"சுருக்கம் ரொம்பவாண்ணே? எந்தப் பலகைன்னு சொல்லுங்க, ஆப்பு வச்சுருவோம்."

கீழே நாலு நாள் வெயிலில் நின்ற வண்டி. ஏறும்போது வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒரு பலகைகூடத் தட்டவில்லை.