முப்பத்தோராம் நாளுக்கு முன்

அன்புள்ள அண்ணைக்கு,

இதை ஒருவருக்கும் காட்டாதீர்கள். உங்களுடன் அறையில் இருப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்றாலும் அவருக்கும் வேண்டாம். நான் எழுதியது அம்மாவுக்குத் தெரியவே கூடாது. அம்மா சொல்லச் சொல்ல நான் உங்களுக்கு எழுதும் கடிதங்களில் முதல் வரி எப்போதும் நாங்கள் எல்லோரும் சுகம், உங்கள் சுகத்துக்கு அம்மனை வேண்டுகிறோம் என்றுதான் இருக்கும். கடைசி இரண்டு கடிதங்களிலும் அந்த வரி இல்லை, கவனித்தீர்களா. நான் மறந்து விடவில்லை. துடக்கு வீட்டிலை இருந்துகொண்டு சுகம் எண்டு எழுதக்கூடாது, அம்மன்ரை பேரும் எழுதக்கூடாது என்று அம்மாதான் விடச் சொன்னார். நம் சொந்தத்தில் யாரும் சாகவில்லையே, யாருடைய துடக்கு என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று நானாவது எழுதிவிடுகிறேன்.

இப்போது செவ்வாய்க்கிழமை இரவு பதினொன்றே முக்கால். செவன் கிங்ஸில் எங்கள் தெரு முழுக்க வெளிச்சம், எங்கள் வீடு மட்டும் இருட்டு. மாடியில் என் அறை யன்னலோடு ஒட்டியிருந்து தெரு விளக்கில் எழுதுகிறேன். என் போனை அம்மா ஒன்பது மணிக்கே வாங்கி வைத்துவிடுவார், காலையில் தரும்போது யாருக்கு என்ன அனுப்பினேன் என்றும் பார்ப்பார், அதனால்தான் வாட்ஸ்அப்பில் எழுதவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூட நூலகத்தில் இந்தத் தாள்களை ஸ்கான் செய்து மின்னஞ்சலில் அனுப்புவேன். காலடிச் சத்தம் கேட்டால் தாளை மறைக்க வேண்டும், அதனால் கதவைப் பார்த்தபடியே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒருவரும் கதவைத் தட்டுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்தானே, அம்மா தள்ளிக்கொண்டே உள்ளே வருவார், அப்பா படியேறி இரண்டு வருடமாகிறது.

நான்கு வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை இரவு நீங்கள் அழுதுகொண்டு அம்மாவுக்குப் போன் எடுத்தீர்கள். நான் நித்திரை என்று நினைத்திருப்பீர்கள். அம்மா போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றார், நான் படியில் இருந்து முழுவதையும் கேட்டேன். அணையில் தண்ணீர் இறங்கி ஆறு இயந்திரங்களில் ஒன்றுதான் ஓடுகிறது, பின்னேரம் எல்லா வீடுகளிலும் மின்னடுப்புப் போடும்போது உங்கள் மின்சாரக் கூட்டுத்தாபனத்தால் கொடுக்கக் கூடியதைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார்கள், ஒரு நிமிடத்துக்குள் எங்காவது நிறுத்தாவிட்டால் நீங்கள் வேலைக்குப் போன அந்த நாடு முழுவதும் இருண்டுவிடும் என்று சொன்னீர்கள். கட்டுப்பாட்டு அறையில் தனியாக இருந்தீர்கள், மின்வெட்டுக்கென்று பிரித்த குழுக்களில் ஏழாம் குழுவில் ஒரு மின்வழியை நிறுத்தினீர்கள், அது நிறுத்தக்கூடாது என்று பட்டியலில் சிவப்புக் கோடு போட்டிருந்த வழி. அந்த வழியில் ஒரு வீட்டில் ஒரு மனிதர் மூச்சுக்கு ஒட்சிசன் மெஷினில் இருந்தார். எங்கள் அப்பா கீழே முன்னறையில் வைத்திருக்கிறாரே, அதே மாதிரி மெஷின். அவர் இறந்துவிட்டார். அந்த வீட்டுக்கு ஒருவரும் போகக்கூடாது, போனால் பிழையை ஒப்புக்கொண்டதாகிவிடும், வேலையும் விசாவும் போகும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள் என்றீர்கள். அம்மா குழாயை மூடிவிட்டு, செத்தவீட்டுக்குப் போகேல்லையோ தம்பி என்று மட்டும் கேட்டார். போகேலாதம்மா என்றீர்கள். அம்மா கழுவிய கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். பிறகு அம்மா மெதுவாக, நீ அங்கை போகேல்லையெண்டால் அவர் இஞ்சை வருவார் என்றார். அதற்குள் நீங்கள் வைத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையே அம்மா சாமி அறைக் கதவைச் சாத்திவிட்டார். பிள்ளை செய்தால் பெத்தவளுக்கும் துடக்குத்தான், முப்பத்தொரு நாள் காக்கவேணும் என்றார். வெஸ்ட் ஈலிங் கோயிலுக்கு நவராத்திரிக்குக்கூடப் போகவில்லை. எட்டாம் நாள் படைக்க வேண்டும் என்று, அந்த மனிதருக்கு என்ன சாப்பாடு விருப்பம் என்று உங்களிடம் கேட்கச் சொன்னார். நான் உங்களுக்கு அனுப்பிய கேள்வி அதுதான். நீங்கள் பார்த்ததற்கு நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை. விருப்பம் தெரியாததால் அம்மா சோறும் பாலும் தேத்தண்ணியும் வைத்தார். நீங்கள் எடுக்கும்போதெல்லாம் அம்மா குளிக்கிறார் என்று நான் சொன்னது பொய், அம்மா பக்கத்தில்தான் நின்றார், பேசமாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

உங்கள் கூட்டுத்தாபனம் வாராவாரம் எந்தக் குழுவுக்கு எந்த நேரம் மின்சாரம் இல்லை என்று இணையத்தில் போடுகிறதே, அதை நூலகத்தில் அச்சடித்துக் கொடுப்பது நான்தான். உங்கள் நேரம் எங்களுக்கு ஒரு மணித்தியாலம் முன்னுக்கு என்பதால் அம்மா ஏழாம் குழுவின் நேரத்தில் ஒரு மணித்தியாலத்தைக் கழித்து, படிக்குக் கீழே உள்ள அலுமாரியைத் திறந்து மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். அந்தக் குடும்பம் இருட்டில் இருக்கும்போது நாங்கள் வெளிச்சத்தில் இருக்கக்கூடாதாம். முதலில் எல்லாம் பின்னேர நேரமாகத்தான் இருந்தது, அப்பா அந்த நேரம் மெஷின் இல்லாமல் கதிரையில் இருக்கலாம். பக்கத்து வீட்டு மேரிசாந்தி அன்ரி வேலியால் எட்டி, என்ன வசந்தமலர், கறண்ட் காசு கட்டேல்லையோ என்று கேட்டார். மோன் இருக்கிற இடத்திலை கறண்ட் இல்லை என்று அம்மா சொல்ல, உங்கடை மோன் அங்கை நிப்பாட்டினால் செவன் கிங்ஸிலையும் நிக்குமோ, அவ்வளவு பெரிய உத்தியோகமோ என்று சிரித்தார்.

சனிக்கிழமையிலிருந்து ஏழாம் குழுவுக்கு நேரம் மாறிவிட்டது. இங்கே பதினொன்றிலிருந்து ஒன்றுவரை, அப்பாவுக்கு மெஷின் கட்டாயம் வேண்டிய நேரம். மெஷின் தந்த கொம்பனிக்காரர் அவசரத்துக்கு என்று இரண்டு சிலிண்டர் தந்திருக்கிறார்கள், அம்மா அப்பாவின் குழாயை அதில் மாட்டிவிட்டுத்தான் சுவிட்சை இறக்குகிறார். அப்பாவின் அளவுக்கு ஒரு சிலிண்டர் எட்டு மணித்தியாலம் வரும் என்று அதிலேயே ஒட்டியிருக்கிறது. முதலாவது சிலிண்டர் சனியும் ஞாயிறும் சேர்த்து நான்கு மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. எங்காவது ஒழுகுகிறதா என்று நான் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. இரண்டாவதும் அதே வேகத்தில் இறங்குகிறது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால் எவ்வளவு போகுமோ அவ்வளவு போகிறது அண்ணை. நான் கணக்கில் கெட்டிக்காரி என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், மூன்று தரம் போட்டுப் பார்த்தேன்.

திங்கட்கிழமை நான் ஒரு வேலை செய்தேன். பட்டியலில் அன்றைய நேரத்தை அழித்துவிட்டு அச்சடித்துக் கொடுத்தேன். அம்மா அதைக் கையில்கூட வாங்கவில்லை. பதினொரு மணிக்கு முன்னறையில் அப்பாவின் கட்டிலுக்கு எதிரே உள்ள கதிரையின் மேலிருந்த உடுப்புகளை எடுத்து மடித்து வைத்தார், வந்திட்டார் என்றார், போய்ச் சுவிட்சை இறக்கினார். மெஷின் நின்றுவிட்டது. ஆனால் அது ஓடும்போது வருமே, ஒரு பெருமூச்சும் ஒரு தட்டும், அந்தச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. நான் மெஷினில் கையை வைத்துப் பார்த்தேன், ஆறிக்கொண்டிருந்தது, அசைவே இல்லை. சத்தம் கதிரைப் பக்கமிருந்து வந்தது. அப்பாவிடம் கேட்கிறதா என்று கேட்டேன். அப்பா என் கையைப் பிடித்து, பயப்பிடாதை தக்ஷிப் பிள்ளை, அவருக்கும் மூச்சு வேணுமே என்றார். அப்பா உங்கள் வேலையைப் பற்றி எல்லோரிடமும் ஒரு நாட்டுக்கே வெளிச்சம் குடுக்கிறான் என்று சொல்லித் திரிந்தவர். இப்போது உங்கள் பெயரை எடுப்பதில்லை.

வெள்ளிக்கிழமைதான் முப்பத்தோராம் நாள். நாளைக்கும் நாளன்றைக்கும் ஏழாம் குழுவுக்கு நிறுத்தம் இல்லை, ஆனால் வெள்ளிக்கிழமை பட்டியல் பாக்கமாட்டன், மாலை ஆறு மணிக்கு நிறுத்தினால் விடிய ஆறு மணிக்குத்தான் போடுவன் என்று அம்மா சொல்லிவிட்டார். பன்னிரண்டு மணித்தியாலம். இன்று இரவு ஒரு மணிக்கு இரண்டாவது சிலிண்டரும் முடிந்துவிடும், முள் இப்போதே சிவப்பில் நிற்கிறது. நான் அம்மாவின் காலைப் பிடித்து அழுதேன். ஒரு இரவுதானே, நான் இருந்திடுவன் என்று சொன்னது அப்பா. கொம்பனிக்கு எடுத்துப் புதுச் சிலிண்டர் கேட்கலாம், ஆனால் இந்தத் தெருவில் மின்சாரம் போகவே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும், ஏன் முடிந்தது என்று கேட்பார்கள், பிறகு கவுன்சில் ஆட்கள் விசாரிக்க வருவார்கள், அம்மாவை எங்கே கொண்டுபோவார்களோ தெரியாது. இருந்தாலும் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிவரைதான் பொறுப்பேன். அதற்குப் பிறகு அம்மா என்னை மகளே இல்லை என்று சொன்னாலும் அம்புலன்சுக்கு 999க்கு எடுப்பேன்.

அதற்கு முன் நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். வியாழக்கிழமை அந்த வீட்டுக்குப் போங்கள். வேலை போனால் போகட்டும், இங்கே வந்து என் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஏசுவார்கள், அடித்தாலும் அடிப்பார்கள், வாசலிலாவது கொஞ்ச நேரம் இருங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். நிறுத்தியது நான்தான் என்று சொல்லுங்கள். அவருடைய பெயரையும் அவருக்கு என்ன சாப்பாடு விருப்பம் என்பதையும் கேட்டுக்கொண்டு அம்மாவுக்கு எடுங்கள். போனேன் அம்மா என்று சொல்லும்வரை நான் போனை அம்மாவின் காதில் பிடித்துக்கொண்டிருப்பேன். பொய்யாகச் சொல்லாதீர்கள். போகாமல் போனேன் என்று சொன்னால் அம்மாவை ஏமாற்றலாம், கதிரையில் இருப்பவரை ஏமாற்ற ஏலாது.

போகும்போது வெள்ளைச் சட்டை போடுங்கள். கையில் ஒன்றும் கொண்டுபோக வேண்டாம், திரும்பி வந்ததும் குளியுங்கள், வெறும் வயிற்றோடு போகாதீர்கள். அம்மா சொல்லிச் சொல்லி எழுதிப் பழகி எனக்கும் இப்படித்தான் எழுத வருகிறது. அம்மா உங்களை வெறுக்கவில்லை அண்ணை. சாமி அறை சாத்தியிருந்தாலும் காலையில் அந்தக் கதவில் கையை வைத்து, என்ரை பிள்ளையைக் காப்பாத்து என்று சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணி போடுகிறார். அந்த ஆசீர்வாதத்தை அம்மாவுக்குத் தெரியாமல் இதில் வைத்து அனுப்புகிறேன். வியாழக்கிழமை, மறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கச்சி

கதவு தட்டுகிறது. அம்மா தட்டமாட்டார். அம்மா கீழே அப்பாவோடு கதைக்கும் சத்தம் கேட்கிறது, அப்பா இருமுவதும் கீழேதான். சிலிண்டர் முடிஞ்சுதுபோல, அவர் கதிரையாலை எழும்பிப் போயிட்டார் என்று அம்மா சொல்கிறார். மறுபடியும் தட்டுகிறது. கோபமாக இல்லை, மெதுவாக, ஒரு தட்டுத் தட்டிவிட்டு மூச்சு வாங்க நின்று, பிறகு ஒன்று, படியேறிக் களைத்த ஒருவர்