பியானோவின் பித்தளையைத் துலக்கியபோது

என் உயிரான அண்ணே,

நீங்கள் போய் நாலு வருஷமாகிறது. இன்று எழுத வைத்தது அந்தப் பியானோதான். தோட்டத்துத் துரை சீமைக்குப் புறப்பட்டபோது பங்களாப் படிகளில் நாம் நாலு பேர் கயிறு கட்டி இறக்கினோமே, மழையில் உங்கள் மேல் சரிந்ததே, அதே பியானோ.

இத்தனை நாளும் ஹட்டனில் ஒரு கிட்டங்கியில் கிடந்திருக்கிறது. இப்போது ஏதோ பள்ளிக்கூடத்துக்காகப் பழுது பார்க்க, நான் வேலை செய்கிற தச்சுப் பட்டறைக்கே கொண்டுவந்து இறக்கினார்கள். கண்டியிலிருந்து வந்த சிங்களக்காரர் ஒருவர் அதை முழுவதும் கழற்றி, பித்தளைச் சாமான்களை என் முன்னால் வைத்தார். கீல், திருகாணி, மிதிகட்டை, எல்லாம் களிம்பேறிக் கறுத்திருந்தன.

புளியை எடுத்தேன். "புளி வேணாம். உள்ளுக்கு நிக்கும், பொறகு பித்தளையத் தின்னும்," என்றார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, சுண்ணாம்புத் தூளும் பழைய பல் பிரஷும் கொண்டு தேய்த்தேன். கழற்றிய திருகாணி அதே ஓட்டைக்குத்தான் திரும்பிப் போக வேண்டுமாம். அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்தேன். இது எந்தப் பியானோ என்று அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், அடியிலிருந்த சின்னப் பித்தளைச் சக்கரம் ஒன்று கையில் வந்தது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது விழுந்த சாமான். யாரு கைய விட்டது?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகலைக்கு பஸ் ஏறினேன். அண்ணி தோட்டத்து லயத்தில், வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அன்னைக்குக் கயிறு அறுந்துச்சுன்னு வேலைய மேற்பார்வை பாத்த கண்டாக்கையாகிட்ட சொன்னேன்ல. அறுந்துபோகல. கால் வழுக்குனதும் பயந்துட்டேன். நான்தான் விட்டேன்."

சுளகு நின்றது. "தெரியும் தம்பி," என்றார். "ஆஸ்பத்திரியில அவுங்களே சொன்னாங்க. 'தம்பி பயந்துட்டான். நீயா எதுவும் கேக்காத, அவனா வந்து சொல்லுவான்'னாங்க. நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

நாலு தீபாவளிக்கும் நான் கொண்டுபோன சேலைகளை அண்ணி மறுக்காமல் வாங்கிக்கொண்டார். ஒன்றைக்கூடக் கட்டி நான் பார்த்ததில்லை. ஏனென்று அன்றைக்குத்தான் விளங்கியது.

மன்னித்தேன் என்று அண்ணி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அவ்வளவு வலியிலும் என்னை ஊருக்குக் காட்டிக்கொடுக்காமல் இருக்க உங்களால் எப்படி முடிந்தது? திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் அண்ணே.

உங்கள் மகள் செல்வி வளர்ந்துவிட்டாள். அப்பா எப்படிச் செத்தார் என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறாளாம். எல்லோரும் கயிறு அறுந்த கதையைத்தான் சொல்கிறார்கள். வருகிற ஞாயிறு அவளை உட்காரவைத்து நடந்ததைச் சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு அவள் என்னைச் சித்தப்பா என்று கூப்பிடாமல் போகலாம். ஆனாலும் அவளைக் காக்க வைக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் கூடப்பிறந்தவன்,
முத்தையா