பத்தரைக்குக் கிளம்பினால் போதும்

4.3.2003, செவ்வாய்

காலையிலேயே உறைக்கும் வெயில். மாடியில் கடைசித் துணியை உதறுவதற்குள் முதல் துணி காய்ந்துவிட்டது. குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை.

பிரஸ்ஸல்ஸிலிருந்து கூரியரில் ரயில் டிக்கெட் வந்தது. லண்டன் வரை விமானம். அங்கே மாமா வீட்டில் மூன்று நாள். பிறகு 22, சனிக்கிழமை, பதினொன்றரை மணி ரயில். கடலுக்கு அடியில் போவது. தனியாக. அந்தப் பக்கம், பிரஸ்ஸல்ஸில், செ. வந்து நிற்பார்.

சாயங்காலம் செ. போன். கல்யாணமாகி ஆறு மாதம், சேர்ந்து இருந்தது மூன்று வாரம். குரலைக் கேட்டுத்தான் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

"மாமா வீட்டுல இருந்து பத்தரைக்குக் கிளம்பினாப் போதும். பதினோரு மணிக்கு ஸ்டேஷன். அரை மணி நேரம் தாராளம்."

"பாஸ்போர்ட் எல்லாம் பாக்க மாட்டாங்களா?"

"அதெல்லாம் சும்மா ஒரு நிமிஷம். முன்கூட்டியே போய் நிக்காத. பத்தரைக்கு முந்தி கிளம்பிறாத."

கடைசியில்: "கிளம்பும்போது ஒரு வாய் தயிர் சாப்பிட்டுக்கோ."

அந்தக் குளிரில் தயிரா? கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

சீக்கிரம் போகாதே என்று ஒருவர் ஏன் இரண்டு தடவை சொல்ல வேண்டும்?

5.3, புதன்

அப்பா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனதும் டிக்கெட்டை எடுத்து முழுதும் படித்தேன். பின்பக்கம், பொடி எழுத்தில்: ரயில் புறப்பட அரை மணி நேரம் இருக்கும்போது கேட்டை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு வருபவர்களை ஏற்றமாட்டார்கள். டிக்கெட்டை மாற்றித் தரவும் மாட்டார்கள்.

ஆக, செ. சொன்னபடி பதினோரு மணிக்குப் போய் நின்றால் மூடுகிற கேட்டைப் பார்க்கலாம்.

பெண் பார்க்க வந்த அன்று, முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "மாசா மாசம் அந்த ரயில்ல லண்டன் போயிட்டு வருவேன்." அப்பா அதைப் பஜார் முழுக்கச் சொல்லியாயிற்று.

மாதாமாதம் போகிறவருக்கு இது தெரியாதா? போனதே இல்லையோ. இல்லாவிட்டால், நான் அந்த ரயிலைத் தவறவிட வேண்டுமோ.

இரண்டாவதை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை.

எம்.ஃபில்லைப் பாதியில் விட்டது இவர் பேச்சை நம்பித்தான். அங்கே யுனிவர்சிட்டியில் சேரலாம், விசாரித்துவிட்டேன் என்றார். எதை விசாரித்தார், யாரிடம்?

6.3, வியாழன்

வாங்க வேண்டியவை: சாக்ஸ், சூட்கேஸ் பூட்டு, தலைவலித் தைலம், ஊக்கு.

அப்பாவிடம் பொதுவாகக் கேட்டேன், ரயிலுக்கு எவ்வளவு முன்னால் போக வேண்டும் என்று. சென்னை வண்டிக்கே ஒன்றரை மணி நேரம் முன்னால் போய் பிளாட்பாரத்தில் பேப்பர் விரித்து உட்கார்கிறவர். "உள்ளூர் வண்டிக்கே அப்படி. கடலுக்குள்ள போற வண்டிக்கு முந்தின நாளே போயிரணும்" என்றார். சிரித்தேன். மனசு சிரிக்கவில்லை.

ரஷ்ய நாவல்களில் ரயில் நிலையம் வந்தாலே எனக்குப் பயம். அங்கே யாருக்கும் நல்லது நடப்பதில்லை.

7.3, வெள்ளி

பிரௌசிங் சென்டர். இரண்டு தடவை கரண்ட் போனது. மாமாவுக்கு மெயிலில் கேட்டிருந்ததற்குப் பதில் வந்திருந்தது. பையைச் சோதிப்பார்கள், பாஸ்போர்ட்டையும் ரயில் ஏறுவதற்கு முன்பே, லண்டன் ஸ்டேஷனிலேயே பார்ப்பார்கள். வெள்ளைக்காரர்களுக்குச் சீக்கிரம் முடியும், நம்முடையதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஒன்றரை மணி நேரமாவது முன்னால் போ. கடைசி வரி: "பத்தரை என்று உனக்கு யார் சொன்னது?"

பதில் போடவில்லை. கணவர் என்று எழுத வெட்கமாக இருந்தது.

8.3, சனி

அத்தை, அதாவது செ.யின் அம்மா, விளாத்திகுளத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். மகனுக்குக் கொடுத்துவிட மிளகாய் வத்தல் ஒரு பை. வீடெல்லாம் தும்மல்.

நான் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் அத்தை அம்மாவிடம்:

"சனிக்கெழம ஒம்பதுல இருந்து பத்தரை ராகு காலம்லா, மதினி. மருமவ மொதமொதலா புருசன் வீட்டுக்குப் போறா. பத்தரை கழிச்சுத்தான் வாசலத் தாண்டணும்னு அவன்கிட்ட கண்டிசனாச் சொல்லிட்டேன். சனி கெழக்க சூலம் வேற. அதுக்குத்தான் தயிரு."

முறம் கையில் அப்படியே நின்றது. தயிர்!

அப்பா முன்னறையிலிருந்து: "அங்க பத்தரைன்னா நமக்குச் சாயங்காலம் நாலு மணியாக்கும். அப்ப ஏது ராகு காலம்?"

"எந்த ஊரு கடிகாரமோ அந்த ஊரு ராகு காலம், அண்ணாச்சி. ராகு என்ன விசா வாங்கிட்டா போறாரு?"

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும்தான். ரயிலைத் தவறவைக்கும் சதி எதுவும் இல்லை. ஒரு காலண்டர்தான். அப்பாடா என்றிருந்தது.

அப்புறம் அத்தை சொன்னார்: "நேரம் பத்துமாடான்னு கேட்டேன். தாராளமாப் பத்தும்னுட்டான். மாசா மாசம் போறவனுக்குத் தெரியாததா?"

9.3, ஞாயிறு

மதியம் அத்தை ஊருக்குப் போனார். சாயங்காலம் செ. போன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அத்தை சொன்னதுக்காகத்தான் பத்தரையா?"

"அவிய மனசு சங்கடப்படும்."

"கேட் மூடிருவாங்கன்னு தெரியுமா?"

"சரியா இருக்கும்னு நெனச்சேன்."

"எத்தனை தடவை அதுல போயிருக்கீங்க?"

"...ஒரு தடவை. ஆபீஸ் ஆளுகளோட. அவங்கதான் எல்லாம் பாத்துக்கிட்டாங்க."

"மாசா மாசம்னு சொன்னீங்க."

"பொண்ணு பாக்க வந்த எடத்துல ஒரு பேச்சுக்குச் சொன்னது. அதப்போயி இப்ப... நீ சீக்கிரமே போயிரு. அம்மாகிட்ட பத்தரைன்னே சொல்லிக்கிடலாம்."

எவ்வளவு எளிதாக வந்தது அந்தக் கடைசி வாக்கியம். அங்கே இருக்கிறது என்று இவர் சொன்ன இரண்டு அறை வீடு, பக்கத்திலேயே நூலகம், யுனிவர்சிட்டியில் விசாரித்தது: இவையும் ஒரு பேச்சுக்குத்தானா? கேட்டிருக்கலாம். கேட்டால் அதற்கும் எளிதாக ஒன்று வரும்.

விளக்கு வைத்த பிறகு நானே விளாத்திகுளத்துக்குப் போன் போட்டேன். பொய் சொல்ல மனசில்லை.

"அத்தை, ஸ்டேஷனுக்கு முன்னாலயே போகணும். லேட்டானா கேட்ட மூடிருவான். எட்டரைக்கே கிளம்புதேன்."

அந்தப் பக்கம் காலண்டர் தாள் புரளும் சத்தம்.

"எட்டரையா? ஒம்பதுக்குத்தான ராகு காலம் பொறக்கு? பேஷாக் கெளம்பு. ஏட்டி, இத ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்ல அவனுக்கு என்ன வந்துச்சு?"

தெரியவில்லை அத்தை என்றேன்.

எட்டரைக்குக் கிளம்பினால் ஒன்பதுக்கு ஸ்டேஷன். ரயில் பதினொன்றரைக்கு. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அதிகம்தான், ரயிலுக்கு மட்டும் என்றால். யோசிக்கவும் என்றால் அதிகமில்லை.