என் ஊர்க் கல்லில் நீ கண்ட மான்

நீ ஆரி வேலை செய்த ஜாக்கெட் ஒன்று பாச்சை உருண்டை வாசத்தோடு நேற்று என் கடைக்கு வந்தது. செட்டியார்பட்டியில் கல்யாணம், அக்காவுக்கு நீ போட்டுக் கொடுத்த அதே டிசைன் தங்கைக்கும் வேண்டுமாம். முதுகில் வட்டமாகக் கற்கள், நடுவே கொம்பு விரித்த மான். "அவிய கை மாதிரி வராதுதான். முடிஞ்ச அம்புட்டுப் போட்டுக் குடுங்கக்கா" என்றாள் அந்தப் பெண். நீ செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்படியும் என்னை நிம்மதியாக ஊசி பிடிக்க விடமாட்டாய் போல.

அந்த மான் யாருடையது? சோழபுரத்தில் பிறந்தவள் நான். எங்கள் கடலைக்காட்டை ஒட்டி, கருவேல முள்ளுக்குள் வட்டமாகக் கிடக்கும் அந்தக் கற்கள், எந்தக் காலத்தில் யாரைப் புதைத்து நட்டதோ, எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். அவற்றின்மேல் வத்தல் காயப்போட்டிருக்கிறேன். மடவார் வளாகத்து உன் வீட்டிலிருந்து ஒரே ஒரு நாள் என்னோடு கடலை பறிக்க வந்தாய் நீ. கை கழுவி ஒரு கல்மேல் உதறினாய். ஈரத்தில் செதுக்கிய கோடு கறுத்துத் தெரிந்தது.

"ஏட்டி, இங்க பாரு, மானு நிக்குது!"

உன்னைப் பிடித்துத் தள்ளிவிட்டு, நான்தான் முதலில் பார்த்தேன் என்று சொல்லத் தோன்றியது எனக்கு. அடுத்த முகூர்த்தத்துக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்க ஜாக்கெட் முதுகில் உன் மான்தான். ஒரே ஃபிரேமின் இரண்டு பக்கம் உட்கார்ந்து தைத்தோம்; வந்தவர்களெல்லாம் உன் பக்கமே குனிந்து பார்த்தார்கள். "ஊரு உன்னுது, கண்ணு என்னுதுட்டி" என்று சிரிப்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நேற்று கடையைச் சாத்திவிட்டு நேரே அங்கே போனேன். பாதிக் கற்களை யாரோ வரப்புக்குப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். மான் கல்லைக் காணவில்லை. உள்ளதைச் சொன்னால், கொஞ்ச நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. மிச்சமிருந்தவற்றில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். முள் மூடிய ஒரு கல்லில், தோகையை இழுத்துக்கொண்டு ஒரு மயில். நீ பார்க்காத மயில். கை முழுக்கக் கீறல், எனக்குத் தெரியவே இல்லை.

காலையிலேயே வரைந்து அந்தப் பெண்ணுக்குப் படம் அனுப்பினேன். மானைவிட இதுதான் பிடித்திருக்கிறதாம். கடைக்கு வந்தவர்களும் நல்லா இருக்கு என்கிறார்கள். அது யாருக்கு வேண்டும்? நீ முகம் சுண்டிப்போய், "எங்கேருந்துட்டி எடுத்த?" என்று கேட்க வேண்டும், பாவி. அதற்குத்தானே அவ்வளவு முள்ளுக்குள் நுழைந்தேன்.