கல்லுமேட்டுப் பச்சை

நவம்பர் 2, ஞாயிறு

இரவெல்லாம் மழை. விடியும்போது விட்டிருந்தது. வானம் வெளிர் சாம்பல். இதே ஷேடைப் போன மாதம் துணி வாங்கும் பையர் இரண்டு முறை திருப்பி அனுப்பினான்.

தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்களில் பாதிப் பேர் இன்னும் வரவில்லை. நான் சாய நிறம் பார்க்கும் டையிங் லேப்பில் வேலை மந்தம். ஞாயிறு முழுசாக எனக்கு.

பையில்: சின்னச் சுத்தி, பழைய பல் பிரஷ், தண்ணீர், செய்தித்தாள், இட்லி நான்கு. "கல்லுப் பொறுக்கப் போற மனுசனுக்கு டிபன் பாக்ஸ் ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள் ரஹ்மத். சொல்லிக்கொண்டேதான் கட்டிக் கொடுத்தாள். இருபத்திரண்டு வருடமாக என் பெண்டாட்டி. வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

படியூர் தாண்டி, பாப்பாத்தி அக்கா தோட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் அக்வாமரின் என்கிற கடல் நீலக்கல் தோண்டிய குழி இது. இப்போது பாசித் தண்ணீர், சுற்றிலும் சீமைக்கருவேலம். குழியிலிருந்து வாரிப் போட்ட கல்லும் மண்ணும் பக்கத்திலேயே மேடாகக் கிடக்கிறது. விலைக்கு ஆகாது என்று எறிந்த கழிவு. எனக்கு அது போதும். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் வருகிறேன். அக்கா போட்ட நிபந்தனை இரண்டு: குழிக்குள் இறங்கக் கூடாது, பயிரை மிதிக்கக் கூடாது. மற்றபடி, "அந்தக் கருமத்தை அள்ளீட்டுப் போனா எனக்கு எடம் மிச்சமுங் பாய்."

இன்று அக்கா கையில் குச்சியோடு வரப்போரம் குனிந்து குனிந்து நடந்தார்.

"என்னங்க்கா தேடறீங்க?"

"போன மாச மழையில மேக்கால இருந்து கல்லு ஒண்ணு உருண்டு போச்சுங். கண்ணுலயே படமாட்டீங்குது."

அவர் மகன் கார்த்தி புல்லட்டில் வந்து நின்றான். "இந்த மேட்டைத் தள்ளிக் குழிய மூடீட்டா நிட்டிங் மெஷினுக்குச் செட்டுப் போட்டரலாமுங் பாய். ஜேசிபி சொல்லி வெச்சாச்சு. அந்தக் கல்லு கிடைக்காம ஒரு மம்பட்டி மண்ணு எடுக்கக் கூடாதுங்கறாங்க அம்மா."

எல்லைக் கல் போலிருக்கிறது. பக்கத்துக் காட்டுக்காரரோடு ஏதோ பேச்சு வார்த்தை என்று கேள்வி. நான் துருவவில்லை. கிடைக்காமலே போகட்டும் என்று மட்டும் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். அற்ப புத்திதான். எழுதி வைக்கிறேன்.

ஒன்பது மணி சுமாருக்கு மேட்டின் அடியில், மழைத் தண்ணீர் அறுத்த ஓடையில் கிடைத்தது. ஆறு பட்டை. உள்ளங்கை நீளம். சேறும் பிசுக்கும். ஓரத்தை விரலால் தேய்த்தேன்.

பச்சை.

நீலமில்லை. பச்சை! உட்கார்ந்துவிட்டேன். முழங்காலெல்லாம் சேறு. நீலக்கல்லும் மரகதமும் ஒரே குடும்பம், உள்ளே சேரும் உலோகம் மட்டும்தான் வேறு. ஆனால் இந்தப் பக்கம் பச்சை எடுத்தேன் என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

கிளம்பும்போது பையைத் திறந்து அக்காவிடம் காட்டிவிட்டு வருவது வழக்கம். அவர் கேட்டதில்லை, நானாகச் செய்வது. இன்று திறக்கவில்லை. "ஒண்ணும் தேறலைங்க்கா" என்றேன்.

இட்லியை மறந்து போய் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். ரஹ்மத் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

நவம்பர் 4, செவ்வாய்

தூறல். லேப்பில் மூன்றே மூன்று ஷேடு. அதிலும் ஒன்று வெள்ளை.

கல்லின் மேல் மஞ்சளாக ஒரு பூச்சு. இரும்புக் கறை, வேறென்ன. மேட்டுக் கல்லுக்கெல்லாம் அது உண்டு. துணியில் துருக்கறை எடுக்க வைத்திருக்கும் ஆக்சாலிக் ஆசிட்டில் காலையில் போட்டேன். மதியம் எடுத்துப் பார்த்தால் மற்ற கற்கள் பளிச். இது மட்டும் அப்படியே. சேறுதான் போயிருக்கிறது. அடம்.

நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸில் வைத்தேன். பகல் விளக்கில் பச்சை. கடை விளக்கில் பச்சை. குண்டு பல்பு வெளிச்சத்தில் கொஞ்சம் மஞ்சள் கூடின பச்சை. யு.வி. விளக்கைப் போட்டதும் எலுமிச்சை நிறத்தில் ஒளிர்ந்தது! மரகதம் அப்படி ஒளிரும் என்று நான் எங்கும் படித்ததில்லை. அபூர்வ வகையாக இருக்கலாம். யாருக்குத் தெரியும்.

அட்டையும் எழுதியாகிவிட்டது. ஷேடு கார்டில் துணி ஒட்டும் கட்டத்தில்தான் என் கற்களுக்கெல்லாம் விவரம் எழுதுவேன். பெயர்: மரகதம். இடம்: கல்லுமேடு, கீழ் ஓரம். கண்டெடுத்தவர்: ஜாபர்.

பேனாவை மூடிவிட்டு மூன்று தடவை படித்தேன்.

நவம்பர் 5, புதன்

வெயில். மனசு இருட்டு.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆசிட்டுக்குப் போகாத கறை சோப்புக்குப் போகுமா பார்ப்போம் என்று கல்லை வெந்நீரில் போட்டு, துணி அலசும் சோப்புத் தண்ணீரை ஊற்றினேன்.

சிவந்தது.

கல் முழுக்க, குங்குமம் கரைத்த மாதிரி. ஒரு நிமிடம் மூளை ஓடவில்லை. பிறகு ஓடியது. வெள்ளை வேட்டியில் சாம்பார் கொட்டிச் சோப்புப் போட்டால் என்ன ஆகும்? சிவக்கும். மஞ்சள். சமையல்கட்டு மஞ்சள். யு.வி.யில் ஒளிர்ந்ததும் அதுதான்.

தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு கரைந்தது. அடியில் நீலம். தண்ணீர் மாதிரித் தெளிந்த, கொஞ்சம் கடல் கலந்த நீலம்.

நீலத்தின் மேல் மஞ்சள், சேர்ந்தால் பச்சை. லேப்பில் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் சொல்லிக் கொடுக்கிற பாடம். பையர் ஒரு புள்ளி மஞ்சள் கூடுதல் என்றால் சண்டை பிடிக்கிறவன் நான். ஒரு கல் முழுக்க மஞ்சளைப் பார்த்து மரகதம் என்று அட்டை எழுதியிருக்கிறேன்.

சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. கல்லுக்கு யார் மஞ்சள் பூசுவார்கள்?

அக்கா தோட்டத்து மேற்கால வரப்பில் ஒரு வேம்பு. அதனடியில் கன்னிமார். ஏழு கல். மரியாதைக்காக நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. அக்கா தேடுவது எல்லைக் கல் இல்லை.

அவர் சாமியை ஆசிட்டில் ஊறப் போட்டிருக்கிறேன்.

நவம்பர் 6, வியாழன்

மேகமூட்டம். ரஹ்மத்திடம் சொன்னேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"போயிக் குடுத்துருங்க."

"குடுத்தா அடுத்த நாளே ஜேசிபி வரும். மேடு போச்சு, குழி போச்சு."

"குடுக்காட்டி?"

தெரியாமலா கேட்கிறாள்? கொடுக்காவிட்டால் கல்லும் என்னிடம், மேடும் என்னிடம். யாருக்கும் தெரியப் போவதில்லை. இரண்டு வருடத்தில் கிடைத்ததிலேயே நல்ல கல் இதுதான். இனியும் இப்படி ஒன்று கிடைக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். பயம். பாய் வந்து சாமியை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று ஒரு வாய் சொன்னால் போதும். இப்போதெல்லாம் அது எத்தனை செல்போனில் சுற்றும்?

சத்தமில்லாமல் வேம்படியில் போட்டுவிட்டு வந்துவிடலாமா என்றும் யோசித்தேன். ஆகாது. மஞ்சளைக் கழுவியாயிற்று. இந்த நீலத்தை யார் தன் சாமி என்று அடையாளம் காண்பார்கள்? யாராவது கண்ணாடித் துண்டு என்று வீசிவிடுவார்கள். கையில் கொடுத்து, வாயால் சொல்லியாக வேண்டும். என் சுத்தமே எனக்கு எதிரி.

நவம்பர் 7, வெள்ளி

ஜும்ஆ தொழுகையில் மனசு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை அக்காவுக்கும் பூசை நாள். ஆறு கல்லுக்குப் பூசிவிட்டு ஏழாவது இடத்தில் என்ன செய்வார்?

மாலையில் பர்கண்டிச் சிவப்பு ஷேடு ஒன்றைத் தவறாக ஓகே செய்து, பிறகு ஓடிப்போய் நிறுத்தினேன்.

ரஹ்மத் மளிகைப் பையிலிருந்து விரலி மஞ்சள் அரைக் கிலோ எடுத்து வைத்தாள். எதற்கு என்றேன்.

"கழுவுனது நீங்க. பூசறதுக்கும் நீங்கதான் வாங்கித் தரோணும். ஞாயித்துக்கெழமை நானும் வர்றேன்."

நவம்பர் 9, ஞாயிறு

நல்ல வெயில்.

அக்கா களத்தில் சோளம் காயப் போட்டுக்கொண்டிருந்தார். கார்த்தியும் இருந்தான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் வரவில்லை. செய்தித்தாளைப் பிரித்துக் கல்லை நீட்டினேன். "அக்கா, இது உங்க கல்லுங்க. போன வாரம் மேட்டடியில எடுத்தேன். தெரியாம எடுத்தேன். உங்ககிட்டச் சொல்லாமப் போனது தெரிஞ்சுதான்."

வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முந்தானையில் துடைத்தும் பார்த்தார்.

"இது எங்குளுது இல்லீங் பாய். எங்குளுது மஞ்சக் கல்லு. இது கண்ணாடியாட்ட இருக்குது. நீங்களே வெச்சுக்கோங்."

திரும்ப என் கையில் வைத்துவிட்டார்.

இந்த இடத்தை மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. சொல்லியாயிற்று, அவரே வேண்டாம் என்றுவிட்டார், எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்ப வேண்டியதுதான். ரஹ்மத் மஞ்சள் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"இல்லீங்க்கா. உங்களுதுதான். சோப்புப் போட்டுக் கழுவீட்டேன். வேம்படிக்கு வாங்க, வெச்சுப் பாத்தர்லாம்."

செருப்பைக் கழற்றிவிட்டுப் போனோம். சிமெண்டு மேடை, ஒரு மூலை மழையில் உடைந்திருக்கிறது. ஆறு கல் வரிசையாக, மஞ்சளும் குங்குமமுமாக. ஏழாவது இடத்தில் ஒரு பள்ளம். குனிந்து பார்த்தேன். பள்ளத்துக்கு ஆறு மூலை.

அக்காவே வைத்தார். கொஞ்சம் திருப்பியதும் பட்டைக்குப் பட்டை பொருந்தி உட்கார்ந்தது. வேப்பிலை இடுக்கில் வந்த வெயில் பட்டு அடிவரைக்கும் நீலம் இறங்கியது.

கார்த்திதான் முதலில், "அம்மோவ்" என்றான்.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. "கலியாணமாயி வந்த நாள்லருந்து இவளுக்கு மஞ்ச பூசறனுங். முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. இவ என்ன நெறம்னு இன்னைக்குத்தான் பாக்கறன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. "தண்ணியில போனவளைத் தூக்கீட்டு வந்திருக்கறீங். இதுக்குப் போயி ஏனுங் பாய் மூஞ்சி இப்பிடி வெளுத்துக் கெடக்குது?" ரஹ்மத்தின் கையிலிருந்த மஞ்சளை வாங்கி மோந்து பார்த்தார். "நல்ல மஞ்ச. வெள்ளிக்கெழமை பூசிக்கறன் கண்ணு. அது வரைக்கும் இவ இப்பிடியே இருக்கட்டும். நானும் கொஞ்சம் பாத்துக்கறன்."

காப்பி குடித்தோம். அப்புறம் அந்தப் பேச்சு வந்தது. வரும் என்று தெரியும். கல் கிடைத்துவிட்டது, அடுத்த ஞாயிறு ஜேசிபி என்றான் கார்த்தி. தலையாட்டினேன். வேறென்ன செய்ய? அவர்கள் பூமி.

அக்கா டம்ளரை வைத்தார். "மேட்டை ஒரேயடியாக் குழிக்குள்ள தள்ளப் படாது. மொதல்ல காலிக் காட்டுல பரப்பச் சொல்லு. பாய் ஒருக்காப் பாத்துக்கட்டும். நானும் பாக்கோணும்."

"ஏம்மா, நீ எதுக்கு?"

"இவ வந்த எடத்துல இன்னும் என்னென்ன கெடக்குதோ, போடா."

வண்டியில் வரும்போது ரஹ்மத் பின்னாலிருந்து என் தோளில் கை வைத்துக்கொண்டாள். ஊருக்குள் நுழையும் பாலத்தைத் தாண்டிய பிறகும் எடுக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

பனி. ஏழு மணிக்கே ஜேசிபி வந்துவிட்டது. நூறு வருடம் வெளிச்சம் படாத மண் இன்று காடு முழுக்கப் பரந்து கிடந்தது. மேடு இனி இல்லை. ஆனால் இரண்டு வருடத்தில் நான் மேலோடு சுரண்டியதையெல்லாம் இன்று ஒரு மணி நேரத்தில் தாண்டிவிட்டோம்.

கிடைத்தவை:
புகை நிறப் பளிங்கு, பெரியது 3
நிலாக்கல், ஒன்று நிஜமாகவே மினுங்குகிறது
காக்காப்பொன், புத்தகம் மாதிரி அடுக்கோடு
நீலம், சுண்டு விரல் நுனி அளவு, 2. ஒன்று விரிசல்.
வெங்கச்சங்கல், வெறும் வெள்ளைக் கல், ரஹ்மத் பொறுக்கியது, ஒரு சட்டி. பிரயோசனமில்லை. சொல்லவில்லை.

அக்கா பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டார். "பாய், இது எதுங்?" "பாய், இதுங்?" மத்தியானத்துக்குள் ஐம்பது கேள்வி. கடைசியில் தக்காளி நிறத்தில், மிளகளவு கார்னெட் மணிகள் பதிந்த கல் ஒன்றைப் பிடித்தார். என்னிடம் இல்லாத வகை. கேட்டேன்.

"குடுக்க மாட்டனுங்."

சட்டைப் பையில் ஒரு ஷேடு கார்டு இருந்தது. எழுதிக் கொடுத்தேன். கண்டெடுத்தவர்: பாப்பாத்தி. படித்துவிட்டுக் கார்த்தியிடம் காட்ட ஓடினார்.

கார்த்தி சொன்னது: குழியை இந்த வருடம் மூடவில்லையாம். செட்டைக் கிழக்கே தள்ளிப் போடுகிறானாம். கன்னிமாருக்குப் பக்கத்தில் மெஷின் சத்தம் ஆகாது என்று அக்கா சொல்லிவிட்டாராம். மறு வருடம் என்ன என்று நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது பையைத் திறந்து காட்டினேன். அக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு வேம்படிக்குப் போய் எட்ட நின்று பார்த்தேன். வெள்ளிக்கிழமை மெல்லிசாகப் பூசியிருக்கிறார். ரஹ்மத் வாங்கிய மஞ்சள். ஏழாவது கல்லின் மேல் வெயில் விழுந்தது.

பச்சை. நான் கண்ட அதே பச்சை. ஒரு புள்ளி கூடவுமில்லை, குறையவுமில்லை.

ஷேடு ஓகே.