வயிற்றில் போடும் ஊசி

என் வீட்டுக்காரிக்கு,

உன் தங்கை வீட்டில் இருந்துகொண்டு நீ போனை எடுப்பதில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல நம் மருமகளே எழுதுகிறாள்.

"பிள்ளை இருக்கற வயித்துலயே ஊசியா?" என்று கேட்டு, மருமகளின் ஊசிகளைக் குப்பையில் கொட்டிவிட்டுப் போனாய். நான் படிக்காதவன்தான், ஆனால் டாக்டர் சொன்னது அப்படியே மனதில் இருக்கிறது. முன்பு இரண்டு முறை கரு கலைந்தது அவள் ராசியால் இல்லை. அவள் உடம்பே அவள் ரத்தத்தை உறைய வைக்கிறது. குழந்தைக்கு ரத்தம் போகும் வழி அடைத்துக்கொள்கிறது. அதைத் தடுக்கத்தான் தினமும் அந்த ஊசி.

புதிதாக வாங்கிவிட்டோம். ஆனால் நடுவில் ஒரு நாள் தவறிவிட்டது. முன்பு இரண்டு கருவும் இதே மாதத்தில்தான் கலைந்தன. நாளைக் காலையில் ஸ்கேன்.

உன்மேல் யாருக்கும் கோபமில்லை என்று எழுதச் சொன்னேன். "எனக்கு இருக்கு மாமா, பொய் எழுத மாட்டேன்" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே எடுத்தாள். "ஆனா அத்தைய வரச் சொல்லுங்க. ஸ்கேன் ரூமுக்குள்ள உங்கள விடமாட்டாங்க."

மகன் வந்துசேர இன்னும் ஒரு வாரம் ஆகும். கடிதம் கொண்டுவருபவர் வண்டியோடு வாசலில் நிற்பார். ஏறி வந்துவிடு. துடிப்பு கேட்டாலும் கேட்காவிட்டாலும், உள்ளே அவள் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்கும் உன் வீட்டுக்காரன்