சிவன்மலைக்குப் போகாத செவ்வாய்க்கிழமைகள்

முருகன் துணை

காங்கேயம்,
சனிக்கிழமை

அன்புக் கண்ணு கலைமகளுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் நல்ல சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் குகன் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் சின்ன உயிரும் சுகமாக இருக்க வேண்டும் என்று முருகனைக் கேட்டுக்கொள்கிறேன், அவனிடம் கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று முழுக்கப் படித்துவிட்டு நீயே சொல். தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பாய், இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை அம்மிணி, அதனால்தான் பருப்புப்பொடிப் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ நல்ல சேதி சொல்லிவிட்டு, அப்பா நீங்க வாராவாரம் சிவன்மலை ஏறி முருகனைக் கும்பிட்டதாலதானுங்க இத்தனை வருசம் கழிச்சு எனக்குத் தங்கியிருக்குது என்று அழுதாயே, நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கண்ணு, நான் ஒரு செவ்வாய்க்கிழமைகூட மலை ஏறவில்லை. திருப்பூர் பஸ் அடிவாரத்தைத் தாண்டும்போது உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கும்பிடு, அவ்வளவுதான். நேராகத் திருப்பூர் மண்ணரைக்குப் போய், நான் நிட்டிங் மாஸ்டராக இருந்த பழைய பனியன் கம்பெனியில், ஓடுகிற மெஷின் பக்கத்தில் துணி ரோல் மேல் படுத்துத் தூங்கிவிட்டுச் சாயங்காலம் திரும்புவேன். மலை விபூதி என்று உனக்கு அனுப்பியதுகூட மண்ணரைப் பிள்ளையார் கோயில் விபூதிதான். நீ அப்படி அழுத பிறகும் அந்தச் செவ்வாய்க்கிழமை கிளம்பிப் போனேன் பார், அதை நினைத்தால்தான் கேவலமாக இருக்கிறது.

தென்னந்தோப்பு நடுவில், ஒரு சத்தமும் வராத இடமாகத் தேடிப் பிடித்து நீ எங்களுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மண்ணரை லைன் வீட்டில் நமக்கும் கம்பெனிக்கும் ஒரே சுவர், உனக்கு ஞாபகம் இருக்கும். அங்கே மெஷின் ஓடுகிற வரைக்கும் தூங்குவேன், நூல் அறுந்து நின்றால் யாரும் எழுப்பாமலே எழுந்து ஓடுவேன். அந்தப் பழக்கத்தில் இங்கே கொஞ்சம் கண் அசந்ததும், சத்தமே இல்லையே, எல்லா மெஷினும் நின்றுவிட்டதே என்று தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன், விடிய விடிய இதே கூத்துதான். நீ ஆசையாகக் கட்டிய வீட்டை எப்படிக் குறை சொல்வது, அதனால் நீ கேட்கும்போதெல்லாம் நல்லாத் தூங்குறேன் என்றே சொல்லி வந்தேன். என்னிடம் வேலை பழகிய இளங்கோ மெஷின் சத்தத்தைப் போனில் பதிவு செய்து கொடுத்தான், காதில் மாட்டிக்கொண்டு படுத்தேன், பதிவு முடிந்ததும் நூல் அறுந்துவிட்டது என்று எழுந்துவிட்டேன். சிரிக்காதே.

அந்தச் செவ்வாய்க்கிழமை அம்மா எனக்குச் சொல்லாமல், உன் சேதிக்காக லட்டு வாங்கிக்கொண்டு மண்ணரையில் பழைய அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுக்கப் போனவள் கம்பெனிக்குள்ளும் வந்துவிட்டாள். நான் வாயைப் பிளந்து தூங்குகிறேன். இளங்கோ வேறு, ஏனுங்கக்கா, மாஸ்டர் வாராவாரம் இங்க வந்து தூங்கறது உங்களுக்குத் தெரியாதுங்களா என்று கேட்டிருக்கிறான். கண் விழித்தால் லட்டுப் பெட்டியோடு அம்மா நிற்கிறாள். அத்தனை பேர் முன்னால் எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போனது. அவள் எனக்கும் ஒரு லட்டு கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒரு பழைய டேபிள் ஃபேனை ரூமில் கடகடவென்று ஓடவிட்டால் எனக்கும் தூக்கம் வந்துவிடும் என்றேன். அப்போதுதான் அவள் மனசில் இருந்ததைச் சொன்னாள். அந்தச் செவுத்துப் பக்கத்துல நான் ஒரு ராத்திரி முழுசாத் தூங்குனதில்லீங்க, நீங்க எந்திரிச்சு ஓடறப்பவெல்லாம் நானும் முழிச்சுத்தான் கிடந்தனுங்க, இந்த ஊட்டுக்கு வந்துதான் தூக்கம்னா என்னன்னு பாக்கறனுங்க, மறுக்கா அந்தச் சத்தம் வேண்டாமுங்க என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து பக்கத்தில் படுத்திருந்தவள் கண் மூடினாளா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை கண்ணு. மலைக்குப் போனதாகச் சொன்ன பொய்யைவிட இதுதான் என்னைத் தலை குனிய வைக்கிறது.

மறுநாள் அவளே டாக்டரிடம் கூட்டிப் போனாள். பகலில் படுக்கக் கூடாது, சாயங்காலத்துக்கு மேல் டீ கூடாது, தினமும் ஒரே நேரத்துக்குப் படுக்கணும், முழிப்பு வந்தால் புரண்டுகொண்டு கிடக்காமல் எழுந்து உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கினதும் படுக்கணும் என்றார். இப்போது அம்மா தூங்குகிற ரூம் கதவைச் சாத்திவிட்டு, நான் ஹாலில் ஃபேனோடு படுக்கிறேன். கொஞ்சம் தேவலை, ஆனால் நேற்றும் முழித்தேன், இனி உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நீயும் இடது பக்கம் ஒருக்களித்துப் படு, இடையில் முழிப்பு வந்தால் போனைக் கையில் எடுக்காதே, தூக்கம் இல்லையென்றால் மாப்பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல், அம்மா மாதிரி சும்மா கிடக்காதே.

வருகிற செவ்வாய்க்கிழமை நாங்கள் இரண்டு பேரும் நிஜமாகவே மலை ஏறுகிறோம், விபூதி பிறகு வரும், அதுவரை பிள்ளையார் விபூதியையே பூசிக்கொள், அவரும் சாமிதான். முருகன் உன்னையும் மாப்பிள்ளையையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, பிரசவத்துக்கு இங்கேதான் வர வேண்டும். குழந்தை ராத்திரி அழுதால் பாலைக் கொடுத்துவிட்டு நீ படுத்துக்கொள், நான் எப்படியும் முழித்திருப்பேன், தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நடக்கிறேன். அம்மாவை மட்டும் எழுப்ப வேண்டாம், அவள் தூங்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆறுமுகசாமி